பார்க்கிங்கில் தடை, படுக்கையறையில் சார்ஜ்

நடுச்சாலையில் மின்சாரக் கார் எரியும் வீடியோ ஒன்று வந்துவிட்டால் போதும், குடியிருப்போர் சங்கங்களுக்குச் சாமி வந்துவிடுகிறது. “இனி பார்க்கிங்கில் யாரும் வண்டிக்குச் சார்ஜ் போடக்கூடாது” என்று மறுநாளே நோட்டீஸ். எங்கள் குடியிருப்பிலும் ஒட்டியிருக்கிறார்கள். காருக்குப் பயந்து போட்ட இந்தத் தடை, ஆபத்தை லிஃப்டில் ஏற்றி வீட்டுக்குள் அனுப்பிவிட்டது என்பேன். கழற்றும் பேட்டரி வைத்திருக்கும் ஸ்கூட்டர்க்காரர் வேறென்ன செய்வார்? மாடிக்குத் தூக்கிப்போய், கட்டிலுக்குப் பக்கத்தில் சொருகிவிட்டுத் தூங்குகிறார்.

2022 மார்ச்சில் வேலூரில் நடந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்தது. தந்தையும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அடுத்த மாதமே விஜயவாடாவில், படுக்கையறையில் சார்ஜில் இருந்த பேட்டரி வெடித்து ஒருவர் இறந்தார். செப்டம்பரில் செகந்திராபாத். கீழே மின்சார ஸ்கூட்டர் ஷோரூம், மேலே லாட்ஜ். கீழே பிடித்த தீயின் புகை மாடிப்படி வழியாக மேலேறியது, 8 பேர் இறந்தார்கள்.

மூன்று இடத்திலும் கார் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

லித்தியம் பேட்டரித் தீயின் குணமே வேறு. பேட்டரி என்பது செல் எனப்படும் சிறு மின்கலங்களின் அடுக்கு. உள்ளே ஒரு செல்லில் ஷார்ட் ஏற்பட்டுச் சூடு எல்லை மீறினால், அந்தச் சூடே அடுத்த செல்லையும் கெடுக்கும். ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த நச்சுப்புகை குபுகுபுவென்று கிளம்பும். தீயணைப்பான் பவுடர் அடித்தால் சுடர் அடங்கும். உள்ளே சூடு தணியாததால் மறுபடி பற்றும். தணிக்க ஏராளமான தண்ணீர் வேண்டும், அது தீயணைப்புத் துறையின் வேலை. நம் வேலை, எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு 101-ஐ அழைப்பது. அந்த வெளியேறும் வழியிலேயே, மாடிப்படிக்கு அடியில், மீட்டர் பெட்டிகளை உரசிக்கொண்டு ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போடும் வீடுகள் நம் ஊரில் எத்தனை!

காரும் எரியும், மறுக்கவில்லை. செல் தயாரிப்பில் வந்த குறையால் 2021-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் போல்ட் மின்சாரக் கார்கள் அனைத்தையும் திரும்ப அழைத்தது. 2024 ஆகஸ்டில் தென்கொரியாவின் இன்சியோனில், சார்ஜில்கூட இல்லாமல் அடித்தள பார்க்கிங்கில் சும்மா நின்ற மின்சாரக் கார் பற்றிக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் சேதம். அங்கே, தீப்பிடித்தால் மேலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இருந்தது. பராமரிப்பு ஊழியர் ஒருவர் அதை நிறுத்திவிட்டதுதான் சேதத்தைப் பெருக்கியது. (தடை போட்ட நம் செயலாளர்கள் தங்கள் கட்டடத்து ஸ்பிரிங்க்ளரைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் தேவலை.)

வேலூருக்குப் பிறகு அரசு பேட்டரிச் சோதனை விதிகளை இறுக்கியது நல்லதுதான். ஆனால் பழைய பேட்டரியைப் பிரித்து, மலிவுச் செல்களைச் சேர்த்துக் கட்டித் தரும் தெருமுனைக் கடைக்குள் அந்த விதி எங்கே நுழைகிறது? வேறு வண்டியின் சார்ஜரை இரவல் வாங்கிச் சொருகுபவரை எந்தச் சான்றிதழ் தடுக்கும்?

ஆகவே தடையை எடுங்கள். காம்பவுண்டுக்குள், கட்டடத்தையும் படிக்கட்டையும் விட்டுத் தள்ளி, திறந்த இடத்தில் ஒரு கூரை போடுங்கள். முறையான எர்த், தனி பிரேக்கர், தனி மீட்டர் வையுங்கள். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகவே வைக்கப்போகிறேன். செலவு யார் தலையில் என்று சண்டை வரும். வரட்டும்.