ஏழாம் மாதத்தில் படுத்துவிட வேண்டுமா?

"ஏழாம் மாதம் தொடங்கியதும் நடையை நிறுத்திப் படுத்தே இருந்தால்தான் சுகப்பிரசவம்" என்று மேலே ஓர் அக்கா எழுதியிருக்கிறார். அக்கறை புரிகிறது அக்கா, ஆனால் தகவல் தவறு. சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. காரணமின்றிப் படுத்தே கிடந்தால் தசை தளரும்; காலில் இரத்தம் உறையும் அபாயமும் கூடும். சிங்கப்பூரின் நண்பகல் வெயில் மட்டும் வேண்டாம். மாலையில், பேசிக்கொண்டே புளோக்கைச் சுற்றி வர முடிகிற வேகம் போதும். இரத்தக் கசிவோ, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பதோ இருந்தால் கதையே வேறு. அங்கே மருத்துவர் சொல்வதுதான். கணவரையும் பிரசவ வகுப்புக்கு இழுத்துச் செல்லுங்கள். வலி நேரத்தில் இடுப்பைத் தேய்த்துவிட, மூச்சை நினைவூட்ட அவருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?