என்னைக் கொஞ்சம் மெலிய விடுங்களேன்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் எந்த வீட்டுக்காவது போய் "சீனி போடாம ஒரு பிளேன்டீ தாங்க" என்று பால் விடாத தேத்தண்ணி கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் முகம் மாறும். "ஐயோ டீச்சர், சீனி வருத்தமா? இந்த வயசுலயா?" இல்லை என்றால் விடுவார்களா? "எங்க வீட்டுல சீனி இல்லன்னு நெனச்சிட்டீங்களா" என்று அடுத்த அஸ்திரம் வரும். கடைசியில் வருகிற கப்பின் அடியில் சீனி கரையாமல் கிடக்கும். கேட்டால் "பேருக்கு ஒரே ஒரு கரண்டிதான்" என்பார்கள். அந்தக் கரண்டி கோபுரமாகக் குவிந்திருந்ததை நான் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்!

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், எட்டு மாதமாக நான் உடம்பைக் குறைக்கப் பாடுபடுகிறேன். உயரம் 155 சென்டிமீட்டர், தொடங்கியபோது எடை 72 கிலோ. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற பிஎம்ஐ கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 30 வரும். நம்ம ஆசியக்காரர்களுக்கு 23 தாண்டினாலே கவனம், 27.5 தாண்டினால் ஆபத்து அதிகம் என்று கிளினிக்கில் நர்ஸம்மா சொன்னபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. போன யாத்திரை சீசனில் நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலை ஏறியபோதுதான் உறைத்தது. பாதிப் படிகூட ஆகவில்லை, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நிற்கிறேன், எழுபது வயதிருக்கும் ஒரு ஆச்சி வெற்றிலையை மென்றபடி என்னைத் தாண்டிப் போகிறார். போகிறவர் சும்மா போகாமல் "மெதுவா வா மகளே" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே முடிவெடுத்தேன்.

சரி, இந்தச் சீனிக் கதைக்கே வருகிறேன். ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 4 கிராம், 16 கலோரி. நம்ம ஊர்க் கப்புக்கு மூன்று கரண்டி. காலையில் ஒன்று, ஸ்கூலில் இரண்டு, வீட்டுக்கு வந்ததும் ஒன்று, யார் வீட்டுக்காவது போனால் ஒன்று என்று ஐந்து கப் குடித்தால் 15 கரண்டி, 60 கிராம், 240 கலோரி. என் எடைக்கு ஒரு மணி நேரம் வேர்க்க வேர்க்க வேகமாக நடந்தாலும் கரைவது ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரண்டு வீடு ஏறி இறங்கினாலே என் கோட்டா முடிந்தது! உலகத்துக்கே தேயிலை அனுப்புகிற மலையில் இருந்துகொண்டு, நல்ல தேயிலையின் ருசி எப்படியிருக்கும் என்று தெரியாமல் சீனிப்பாகைக் குடித்துக்கொண்டிருக்கிறோம். (நல்ல தேயிலை நமக்கு எங்கே வருகிறது, நமக்குக் கடைசித் தரமான டஸ்ட்டுதான், அது வேறு குமுறல், இன்னொரு நாளைக்கு.)

அடுத்தது ரொட்டி. அம்மா 31 வருஷம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். வேலையின் கடைசி வருஷங்களில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், குறைந்தால் அரைப் பேர். விடிய எழும்பி, கை அகலத்துக்குத் தடிப்பாக ரெண்டு தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், ஒரு கோப்பை சாயத் தேத்தண்ணி. அதோடு கூடையை மாட்டிக்கொண்டு செங்குத்து மலையில் அட்டைக் கடியோடு நாள் முழுக்க ஏறி இறங்குவார். அந்த உடம்பில் ஒரு பிடி சதை கிடையாது. நான் என்ன செய்கிறேன்? பஸ்ஸில் போய், கதிரையில் உட்கார்ந்து, கொப்பி திருத்திவிட்டு, பஸ்ஸில் வருகிறேன். ஆனால் தட்டில் அதே ரெண்டு ரொட்டி. 100 கிராம் கோதுமை மாவிலேயே 360 கலோரி போல இருக்கிறது, தேங்காய்ப்பூ தனிக் கணக்கு. ஒரு ரொட்டியும் நிறையக் கீரையும் போதும் என்றால் அம்மாவுக்குக் கண் கலங்கிவிடுகிறது. "சாப்பாட்டுக்கு இல்லாத காலத்துலயே உங்களப் பட்டினி போட்டதில்ல, இப்ப நீயா கெடக்கிறியேடி" என்கிறார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல? வீட்டில் நான் கத்த முடியாத ஒரே இடம் இதுதான்.

குரக்கனுக்கு (கேழ்வரகுக்கு) மாறு என்று ஆளாளுக்குப் புத்தி வேறு. குரக்கன் நல்லதுதான், நார்ச்சத்து இருக்கிறது, பசி தாங்கும். ஆனால் கலோரியில் கோதுமைக்குப் பெரிய வித்தியாசமில்லை. குரக்கன்தானே என்று நாலு ரொட்டி சாப்பிட்டால் எடை எப்படி இறங்கும், சொல்லுங்கள்?

நடைப்பயிற்சி என்று ஒன்று. வாரத்துக்கு 150 நிமிஷம் நடங்கள் என்று எல்லாரும் சுலபமாகச் சொல்கிறார்கள். எங்கே நடக்க? காலை அஞ்சரைக்குப் பனிமூட்டத்தில் முன்னால் நிற்கிறது நாயா ஆளா என்று தெரியாது. தேயிலைக்குள் சிறுத்தை நடமாடுகிற ஊர் இது, அதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மெயின் ரோட்டில் நடைபாதை கிடையாது, வளைவுக்கு வளைவு லொறி உரசிக்கொண்டு போகிறது. ஜூன் பிறந்தால் விடாத மழை. இதையெல்லாம் தாண்டி இறங்கினால் ஆட்டோக்காரத் தம்பிகள். ஒருத்தர் தப்பாமல் நிறுத்தி "ஏறுங்க டீச்சர், டவுனுக்குத்தானே" என்பார். இல்லை தம்பி, சும்மா நடக்கிறேன் என்றால் நம்ப மாட்டார். "காசு வேணாம் டீச்சர், ஏறுங்க!" நல்ல பிள்ளைகள், திட்டவும் முடியவில்லை. ஒரு பொம்பளை வேலை வெட்டியில்லாமல் ரோட்டில் நடக்கலாம் என்பதே இங்கே யாருக்கும் பிடிபடவில்லை.

யூடியூப்பைத் திறந்தால் அது இன்னும் எரிச்சல். ஓட்ஸாம், ஒலிவ் எண்ணெயாம், புரொக்கோலியாம், ஜிம்முக்குப் போகணுமாம். என் சம்பளத்தில் அந்த ஓட்ஸ் பெட்டியைக் கடையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். கந்தப்பளையில் விளைகிற லீக்ஸும் கரட்டும் லொறி லொறியாகக் கீழே இறங்குகின்றன, இங்கே தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் குசினியில் பருப்பும் கிழங்கும்தான் கறி. கிழங்கைச் சோற்றோடு சாப்பிட்டால் அது மாவுக்கு மாவே துணை. எனக்குப் பிடித்துப்போனது வேலியோரத்து வல்லாரையும், அவித்த கடலையும், ஒரு முட்டையும்தான். அதைச் சொல்ல ஒரு வீடியோவும் இல்லை.

இவ்வளவுக்கும் நடுவில் ஐந்து கிலோ குறைத்தேன். வாரத்துக்கு அரைக் கிலோகூட இல்லை, தெரியும். ஆனாலும் படியேறினால் மூச்சு வாங்குவதில்லை, பிரஷரும் இறங்கியிருக்கிறது. ஸ்டாஃப்ரூமில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "என்ன டீச்சர், வாடிப் போயிட்டீங்க, வீட்டுல ஏதும் பிரச்சினையா?" போன வருஷம் இதே வாய்தான் "டீச்சர் நல்லா ஊதிட்டீங்க" என்றது. சொல்லிவிட்டு ரோல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளுகிறார்கள், யாருக்கோ பிறந்தநாளாம். அந்த ஸ்டாஃப்ரூமில் வாரத்துக்கு மூன்று பேர் பிறக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். இந்த முறை சண்டைக்கே தயாராகப் போனேன். "அத்தை, சீனி போட்டா நான் குடிக்கவே மாட்டேன்" என்று கறாராகச் சொன்னேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் நிஜமாகவே சீனி இல்லாத பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். எனக்கு நம்பவே முடியவில்லை. அப்புறம்தான் சாசரைப் பார்த்தேன், நெருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கித்துள் கருப்பட்டித் துண்டு. "இது சீனி இல்லையே பாப்பா, கடிச்சுக் குடி, உடம்புக்கு நல்லது."