கிப்சோகே மெதுவாக ஓடும் நாட்கள்

பெரிய விளையாட்டு வீரரின் பயிற்சியையும் சாப்பாட்டையும் ஒரு நாளோ ஒரு வாரமோ அப்படியே செய்து பார்த்து வீடியோ போடுவது வழக்கமாகிவிட்டது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் சமயத்தில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் தினமும் 12,000 கலோரி சாப்பிடுகிறார் என்று செய்தி பரவியது. அது கட்டுக்கதை என்று அவரே பிறகு சொல்லிவிட்டார். அந்தக் கணக்கைத் தின்று தீர்க்கும் வீடியோக்கள் மட்டும் நின்றபாடில்லை.

இப்படி வீடியோ போடுபவர்கள் எடுத்துக்கொள்வது எப்போதும் மலைக்க வைக்கும் பகுதியை மட்டும்தான். எனக்கு அதில்தான் வருத்தம். நான் சென்னையில் மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பவன். சில மாதங்களாகக் கென்யாவின் மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகேயின் முறையைப் பின்பற்றி வருகிறேன். அவருடைய வாரம் 200 கிலோமீட்டரைத் தாண்டும்; அந்தத் தூரம் எனக்கு வேண்டாம். அவர் வாரத்தை அடுக்கும் விதம்தான் வேண்டும்.

கென்யாவின் எல்டொரெட் நகருக்குப் பக்கத்தில் காப்டகாட் என்ற ஊரில், சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் அவருடைய முகாம். பயிற்சியாளர் பாட்ரிக் சாங், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஸ்டீப்பிள்சேஸில், அதாவது தடைகளைத் தாண்டி ஓடும் பந்தயத்தில், வெள்ளி வாங்கியவர். செவ்வாய் டிராக், அதாவது மைதானத்து ஓடுதளத்தில் வேக ஓட்டம். வியாழன் 30 அல்லது 40 கிலோமீட்டர். சனிக்கிழமை ஃபார்ட்லெக், அதாவது 3 நிமிடம் வேகம், 1 நிமிடம் தளர்வு என்று மாற்றி மாற்றி. மீதி நாட்களில் நிதான ஓட்டம்.

அந்த மீதிதான் விஷயமே. 2022 பெர்லின் மாரத்தானை அவர் 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் ஓடி முடித்தார். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்குச் சுமார் 2 நிமிடம் 52 விநாடி. அதே மனிதர் நிதான நாளில் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் கூடுதலாக எடுத்துக்கொள்கிறார். நம் ஓட்டக் குழுக்களில் எல்லா நாளும் பந்தய நாள்தான். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் விடியற்காலை பாருங்கள், பக்கத்தில் ஒருவர் முந்தினால் போதும், நிதான ஓட்டம் என்று கிளம்பியவரும் வேகத்தைக் கூட்டிவிடுவார். வீட்டுக்குப் போனதும் கடிகாரம் காட்டிய வேகம் வாட்ஸ்அப்பில் ஏறும். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில்தான் உடம்பின் அடித்தளம் கட்டப்படுகிறது. அன்றைக்கே கால்களின் தெம்பைத் தீர்த்துவிட்டால் செவ்வாய்க்கிழமை டிராக்கில் எதைக் கொண்டு ஓடுவது? மெதுவாக ஓடத் தொடங்கிய பிறகுதான் எனக்கு வேகமான நாட்கள் உண்மையிலேயே வேகமாயின.

அப்புறம் சாப்பாடு. முகாமில் உகாலி, கீரை, பீன்ஸ், கொஞ்சம் இறைச்சி, சர்க்கரை போட்ட பால் டீ. உகாலி என்பது மக்காச்சோளக் களி. கொதிக்கிற தண்ணீரில் மாவைத் தூவி, கட்டி விழாமல் துடுப்பால் அழுத்திக் கிளற வேண்டும். மாவு இறுகி, பாத்திரத்தின் ஓரத்தை விட்டு வரும்போது இறக்கலாம். கையால் பிட்டு உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, அதில் கீரையை அள்ளிச் சாப்பிடுகிறார்கள். அங்கே மனாகு என்று சொல்லும் கீரை நம் மணத்தக்காளிக்கு நெருங்கிய சொந்தம். நான் கேழ்வரகுக் களியும் மணத்தக்காளிக் கடைசலும் வைத்துக்கொண்டேன். நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய நாள் அது வயிற்றுக்கு அருமையாக ஒத்துப்போகிறது. உலகின் தலைசிறந்த மாரத்தான் வீரர்களில் ஒருவர் ஊர்ச் சாப்பாட்டில் ஓடுகிறார். அப்படியிருக்க, முதல் 10 கிலோமீட்டர் ஓடப் போகும் பிள்ளையிடம் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு சத்துப் பவுடர் டப்பா விற்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

தூக்கத்தைத்தான் என்னால் எட்ட முடியவில்லை. முகாமில் இருப்பவர்கள் இரவு 9 மணிவாக்கில் படுக்கிறார்கள், பகலிலும் தூங்குகிறார்கள். ராத்திரி 11 மணிக்கு அலுவலக அழைப்பை முடிப்பவர் 4 மணிக்கு அலாரம் வைப்பதை நாம் விடாமுயற்சி என்று பாராட்டுகிறோம். தூங்காத உடம்பு அந்தப் பயிற்சியை வாங்கிக்கொள்ளாது. அழைப்பு நீளும் இரவுகளில் நான் அலாரத்தை அணைத்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் ஓடுகிறேன். குழு நடத்தும் நண்பர்களே, வாரத்தில் ஒரு நாளாவது கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு எல்லோரையும் பேசிக்கொண்டே ஓட விடுங்கள். கடைசியாக வருபவரின் வேகம்தான் அன்றைக்குக் குழுவின் வேகம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.