டாலர் எப்போதும் 1 ரூபாயாக இருந்ததில்லீங்க

ஆகஸ்ட் 15 வந்தால் கொடியோடு சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டும் வந்துவிடும். "1947ல் 1 டாலர் = 1 ரூபாய். இன்றைக்கு?" என்று கேட்டு, பக்கத்தில் அழுகிற பொம்மை ஒன்று. பனியன் எக்ஸ்போர்ட் குரூப்பிலேயே இதைப் போடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. மாதாமாதம் டாலரில் பில் போடுகிறவர்களே இதை நம்பினால் எப்படீங்க?

1947ல் நம் ரூபாயை பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டி வைத்திருந்தார்கள். ஒரு ரூபாய்க்கு 18 பென்ஸ், அன்றைய பவுண்டுக்கு 240 பென்ஸ், அதாவது ஒரு பவுண்டுக்கு 13.33 ரூபாய். அன்று ஒரு பவுண்டு 4.03 டாலர். வகுத்துப் பாருங்கள், டாலருக்கு 3 ரூபாய் 30 காசு வரும். 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டை 2.80 டாலருக்கு இறக்கியது. ரூபாயும் கூடவே இறங்கி டாலர் 4.76 ஆனது.

"அப்போ நாட்டுக்குக் கடனே இல்லை, அதான் ஒண்ணுக்கு ஒண்ணு" என்று ஒரு விளக்கமும் கூடவே சுற்றுகிறது. கடன் இல்லை என்பது மட்டுமில்லை, போர்க்காலச் செலவுக்காக பிரிட்டன்தான் நமக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் தர வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் டாலர் 3.30தான். அந்தப் பாக்கியைப் பற்றி 1944ல் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் இந்தியத் தரப்பு குரல் எழுப்பியபோது அந்தக் குழுவில் நம் கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் இருந்தார். பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சராக, 1948ல் லண்டனுக்கே போய் அதே பாக்கிக்காகப் பேச்சு நடத்தினார்.

அந்த 18 பென்ஸுக்கே ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் அரசு அமைத்த கமிஷன் 1926ல் பரிந்துரைத்த விகிதம் அது. கமிஷனில் இருந்த புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் ஒத்துக்கொள்ளவில்லை, 16 பென்ஸ் போதும் என்று தனிக்குறிப்பு எழுதினார். தேசியவாதிகள் பலரும் அவர் பக்கம்தான். ரூபாய் வலுவாக இருந்தால் இங்கிலாந்துத் துணி இங்கே மலிவாக வந்து இறங்கும், நம் பருத்தி விவசாயிக்கும் மில்லுக்கும் அடி விழும். அதாவது கனமான ரூபாய் வேண்டும் என்றது லண்டன், இலேசான ரூபாய் வேண்டும் என்றது நம் ஆட்கள். ஃபார்வர்டு அனுப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

என் கருத்து இதுதான். டாலர் ரேட் நாட்டின் மார்க் ஷீட் இல்லை. ஜப்பானில் 1949லிருந்து 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென், அந்தக் காலத்தில்தான் அவர்கள் மளமளவென்று வளர்ந்தார்கள். எண் பெரிதா சிறிதா என்பதைவிட, அது எவ்வளவு வேகமாக நகர்கிறது, அந்த நேரத்தில் யார் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

1966 ஜூன் 6ல் ஒரே அறிவிப்பில் 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ஆனது. பாகிஸ்தானோடு போர் முடிந்த கையோடு வறட்சி, வெளிநாட்டு உதவிக்கு நிபந்தனை. அமைச்சரவையில் மதிப்பிறக்கம் வேண்டும் என்ற பக்கம் நின்றவர்களில் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியமும் ஒருவர். அன்று காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜருக்கு அதில் கடும் கோபம். ஒரே கட்சி, ஒரே மாநிலம், ஆனால் இந்த விஷயத்தில் எதிரெதிர். அதே சி.எஸ். நிதி அமைச்சராக இருந்தபோதுதான், 1975 செப்டம்பரில், ரூபாயை பவுண்டிலிருந்து அவிழ்த்துப் பல நாட்டு நாணயங்களின் தொகுப்போடு இணைத்தார்கள். நம்மூரில் அவரைப் பசுமைப் புரட்சிக்காக நினைக்கிறோம், இதைப் பேசுவதே இல்லை.

1991 ஜூலை கதை எல்லோருக்கும் தெரியும். 1ஆம் தேதி ரூபாய் மதிப்பில் ஒரு இறக்கம், 3ஆம் தேதி இன்னொன்று. 1993ல் சந்தையே ரேட்டை முடிவு செய்யட்டும் என்று விட்டபோது டாலர் 31 ரூபாயை ஒட்டி நின்றது. திருப்பூருக்கு அது நல்ல காலம்.

2007க்கு வருவோம். ஜனவரியில் 44 ரூபாயாக இருந்த டாலர் டிசம்பரில் 39 சொச்சம். ரூபாய் வலுவாகிவிட்டது என்று டிவியில் கொண்டாடினார்கள். ஒரு லட்சம் டாலர் ஆர்டரில் 44 லட்சம் வரும் என்று காஸ்டிங் போட்டவருக்கு 39 லட்சம் சொச்சம்தான் கைக்கு வந்தது. நூல், சாயம், தையல் கூலி எதுவும் குறையவில்லை. லாபமே அந்த நாலரை லட்சத்துக்குள்தான் என்றால் மிச்சம் என்ன?

அந்தப் பயத்தில்தான் பல கம்பெனிகள் வங்கிகள் நீட்டிய டெரிவேட்டிவ் (நாணய ரேட் எப்படிப் போகும் என்பதை வைத்துப் போடும் ஒப்பந்தம்) காகிதங்களில் கையெழுத்துப் போட்டன. பையர் தருவது டாலர், காகிதத்தில் இருந்ததோ சுவிஸ் ஃபிராங்க். 2008 மார்ச்சில் ஃபிராங்க் எகிறியபோது வாங்கிய ஆர்டரைவிட நஷ்டம் பெரிதாகிப் போனவர்கள் உண்டு, கோர்ட்டுக்குப் போனவர்களும் உண்டு. 2011ல் டெரிவேட்டிவ் விதிகளை மீறியதாக 19 வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அபராதம் போட்டது. அபராதத் தொகை கம்பெனிக்காரர்கள் இழந்ததற்கு முன்னால் கொசுறு.

அப்போ ரூபாய் விழுந்தால் நமக்குக் கொண்டாட்டமா? அதுவும் பாதிதான் உண்மை. ரேட் ஏறிய அடுத்த சீசனிலேயே "உங்க ரூபாய்தான் இறங்கிடுச்சே, விலையைக் குறைங்க" என்று பையரிடமிருந்து மெயில் வந்துவிடும். டை, கெமிக்கல், ஜெர்மன் நிட்டிங் மெஷின் எல்லாம் விலை கூடும். திருப்பூரிலிருந்து 50 கிலோமீட்டர் தள்ளி கோவையில் பம்ப்செட் செய்கிறவரைக் கேளுங்கள். அவருக்குச் செம்பு விலை டாலரோடு சேர்ந்து ஏறும், பம்பை விற்பதோ நம்மூர் விவசாயிக்கு ரூபாயில். ஒரே ரேட், ஒருத்தருக்கு வரவு, இன்னொருத்தருக்குச் செலவு. இதில் தேசத்துக்குப் பெருமை, தேசத்துக்கு அவமானம் என்று எதைச் சொல்ல?

புதிதாக எக்ஸ்போர்ட் ஆரம்பிக்கிற தம்பிகள் சிலர் 2008 கதையைக் கேட்டுவிட்டு ஃபார்வர்டு கவர் என்றாலே ஓடுகிறார்கள். சாதாரண ஃபார்வர்டு வேறு, அந்தக் காகிதம் வேறு. சாதாரண ஃபார்வர்டு என்பது, ஷிப்மெண்ட் பணம் வரும் மாதத்துக்கு என்ன ரேட் என்று வங்கியோடு இன்றைக்கே முடித்து வைத்துக்கொள்வது, அவ்வளவுதான். அதற்கு மேல் ஏதாவது சேர்த்து விற்க வங்கியிலிருந்து ஆள் வந்தால், இதில் ஃபிராங்கும் யென்னும் எதுக்குங்க என்று கேளுங்கள். நம்ம பையர் டாலரில்தானே காசு அனுப்புகிறார்.