அந்தப் பையனுக்கு என்ன குறைச்சல் என்று கேட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நம் திரையிடல் குழுவில் 'ஆர்டினரி பீப்பிள்' படம் போட்டபோது நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கும் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பின் வரிசையிலிருந்து வந்ததே ஒரு பேச்சு, "இவ்வளவு பெரிய வீடு, காரு, தோட்டம், இவனுக்கு என்ன குறைச்சல்? நம்ம வீடா இருந்தா கன்னத்துல ரெண்டு அறை, எல்லாம் சரியாப் போயிருக்கும்." ஒருவர் சொன்னதைக் கூட விட்டுவிடுவேன். சிரித்தீர்களே, அதுதான் தாங்கவில்லை. பாதிப் பேர் சிரித்தீர்கள்.

'ஆர்டினரி பீப்பிள்' போடலாம் என்று சொன்னது நான். 2025 செப்டம்பரில் ஹாலிவுட் நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்ட் இறந்ததிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் இயக்கிய முதல் படம், 1980-இல் வந்தது, சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கார் வாங்கியது. அதே வருடம் வந்த 'ரேஜிங் புல்' படத்துக்குப் போயிருக்க வேண்டிய விருது என்று ஒருவர் பத்து நிமிடம் பேசினார், பேசட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை அந்தப் பையனுக்காக.

அந்தப் பையன் கான்ராட் என்ன செய்தான்? சிகாகோ பக்கத்தில் லேக் ஃபாரஸ்ட் என்ற வசதியான ஊர். அண்ணனும் தம்பியும் பாய்மரப் படகில் போகிறார்கள், புயலில் படகு கவிழ்கிறது, அண்ணன் பக் கை நழுவிப் போய்விடுகிறான், தம்பி படகை விடாமல் பிடித்துக்கொண்டு பிழைக்கிறான். அவன் செய்தது அவ்வளவுதான். பிழைத்தான். அதையே குற்றமாக நினைத்து, தன் உயிரையே வேண்டாம் என்று முடிவெடுத்து, காப்பாற்றப்பட்டு, நான்கு மாதம் மனநல மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வருகிறான். படமே அங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் பார்த்தது திமிர் பிடித்த பையனை இல்லை, தான் பிழைத்ததை மன்னிக்க முடியாத பையனை. அவனை அறைந்தால் எது சரியாகும்? தன்னைத் தானே அவன் அறைந்துகொண்டிருப்பது போதாதா?

இதற்கு மேல் என் சொந்தக் கதை. என் மகனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவன் பிளஸ் ஒன் படிக்கும்போது நடந்தது. நண்பன் வண்டியை ஓட்ட, இவன் பின்னால் உட்கார்ந்திருந்தான். இவனுக்கு முழங்கையில் ஐந்து தையல். அந்தப் பிள்ளை போய்விட்டான். காரியம் எல்லாம் முடிந்து, இவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, எல்லாம் பழைய மாதிரி ஆகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டைத் தட்டில் வைத்துப் பிசைந்துகொண்டே இருப்பான். பசிக்கலைம்மா என்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நடந்தது நடந்துபோச்சு, பரீட்சை வருது, படிப்பைப் பாரு என்றேன். ஒருமுறை இல்லை, தினமும் சொன்னேன். என் அண்ணன், அவனுக்குத் தாய்மாமன், ஞாயிற்றுக்கிழமை நாம் கேட்ட அதே வைத்தியத்தைச் சொன்னார், ரெண்டு போடு போட்டா தெளிஞ்சிடுவான் என்று. பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியர் எல்லாப் பிள்ளைகளும் நிற்கும்போது, "ஏம்பா, மாத்திரை எல்லாம் சாப்பிடுறியாமே?" என்று கேட்டிருக்கிறார். அன்றோடு இவன் மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான். படத்தில் நீச்சல் பயிற்சியாளர் கான்ராடிடம் ஷாக் கொடுத்தார்களா என்று சாதாரணமாகக் கேட்பாரே, நான் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த நண்பனின் இயற்பியல் ரெக்கார்டு நோட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. படம் வரைவதற்காக இவன் வாங்கி வைத்திருந்தது. வீட்டை ஒதுங்க வைக்கும்போது அதை எடுத்து, அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று இவனைக் கேட்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். இரண்டு நாள் இவன் பேசவில்லை, சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இரவு சொன்னான், "அன்னைக்கு நான் ஓட்டுறேன்னு சொன்னேன்மா, அவன்தான் சாவியைக் குடுக்கல. நான் பிடுங்கியிருக்கணும்." ஏழு மாதமாக ஒரு பிள்ளை இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து தோசை தின்றிருக்கிறான். நான் மார்க் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இதெல்லாம் வசதி உள்ளவங்களுக்கு, டாக்டர்கிட்ட மணிக்கணக்குல பேச நமக்கு ஏது காசு" என்று ஒருவர் சொன்னார். இதற்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நாங்கள் போனது அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. ஓ.பி. சீட்டு வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, முறை வரும்வரை காத்திருந்தோம். ஒரு ரூபாய் கேட்கவில்லை. கூட்டம் இருக்கும், ஒவ்வொரு முறையும் நிறைய நேரம் பேச முடியாது, அதுவும் உண்மை. ஆனால் அந்த இளம் டாக்டர் போன முறை இவன் எதில் நிறுத்தினான் என்பதை நினைவில் வைத்திருந்தார். அவ்வளவுதான் தேவைப்பட்டது. போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். காசு இல்லை என்பது அங்கே காரணமே இல்லை. பக்கத்து வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதுதான் காரணம்.

"எங்க காலத்துல சாவு பார்க்காதவங்களா, நாங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கோம்" என்றும் ஒருவர். நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா? உங்களைக் காயப்படுத்தக் கேட்கவில்லை. உங்கள் தம்பியைப் பற்றி ஒருநாள் நீங்களே என்னிடம் சொல்லி, பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனீர்கள். எனக்கு மறக்கவில்லை.

இன்னொரு விமர்சனம் ஒரு தோழியுடையது, நியாயமாகத்தான் சொன்னார். அம்மாவைக் கெட்டவளாகக் காட்டி அப்பாவை நல்லவராக்கிவிட்டார்கள் என்று. இதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, இப்போதும் முடியுமா தெரியவில்லை. அந்த அம்மா பெத், தன் மகனோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளக்கூட முடியாமல் கேமராவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். என் இடத்தில் பக் இருந்திருந்தால் மருத்துவமனைக்குப் பார்க்க வந்திருப்பாய்தானே என்று கான்ராட் கேட்கும்போது, பக் அந்த மாதிரி இடத்துக்குப் போயிருக்கவே மாட்டான் என்று சொல்லிவிடுகிறாள். அந்த இடத்தில் பலருக்குக் கோபம் வந்தது, தெரிந்தது. எனக்கு வயிறு கலங்கியது. மூத்தவனின் சவ அடக்கத்துக்குக் கணவன் என்ன சட்டை, என்ன ஷூ போட வேண்டும் என்பதில் கவனமாக இருந்தவள் அவள். அவளுக்கு அன்பு இல்லை என்று எப்படிச் சொல்வது? சட்டையைச் சரி செய்வதை விட்டால் அவளும் மூழ்கிப்போவாள். நான் ஒதுங்க வைத்த வீடும் அதுதானே.

அந்த வேடத்தில் நடித்த மேரி டைலர் மூர் டிவியில் நகைச்சுவைத் தொடர்களால் பேர் வாங்கியவர். படம் வெளியாகி ஒரு மாதம் கூட ஆகாத நிலையில், 1980 அக்டோபரில், அவர் பெற்ற ஒரே மகன் இறந்துபோனான். கான்ராடாக நடித்த டிமதி ஹட்டனுக்கும் 1979-இல்தான் அப்பா போயிருந்தார். அவனுக்கு ஆஸ்கார் கிடைத்தபோது வயது 20. இதை எல்லாம் படம் முடிந்ததும் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். சிரிப்பு கேட்டதும் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

கான்ராடின் மனநல டாக்டர் பெர்கர் வரும் காட்சி இருக்கிறதே, ராத்திரி நேரத்தில் பையன் ஓடிப்போய், தான் செய்த தப்பு படகைப் பிடித்துக்கொண்டதுதான் என்று கடைசியில் வாய்விட்டுச் சொல்வானே. அதற்கு டாக்டர் மந்திரம் எதுவும் போடவில்லை. கேட்கிறார், பக்கத்தில் இருக்கிறார். ஒரே ராத்திரியில் நடந்த மாதிரி தெரிந்தாலும் அதற்கு முன்னால் எத்தனை நாள் சும்மா உட்கார்ந்து, கோபப்பட்டு, பேசாமல் எழுந்து போயிருக்கிறான் என்று பாருங்கள். எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது. நடுவில் நன்றாக இருந்த வாரங்களும் உண்டு, திரும்பவும் பழையபடி ஆன வாரங்களும் உண்டு. ரெண்டு அறையில் முடிகிற வேலை என்றால் நான் ஏன் அத்தனை நாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன்?

நீங்கள் சிரித்தபோது என் பக்கத்து நாற்காலியில் இருந்தது அவன்தான். என் மகன். பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தீர்கள். அவன் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "அந்த அப்பா நல்லா நடிச்சிருந்தாரும்மா" என்றான். டொனால்ட் சதர்லேண்டைச் சொன்னான். கடைசியில் அப்பாவும் பையனும் விடியற்காலையில் வெளியே உட்கார்ந்து கட்டிப்பிடித்துக்கொள்வதை மட்டும் திரும்பப் பார்க்கணும் என்றான்.

அந்தப் பேச்சைப் பேசியவர் மறுநாள் கூப்பிட்டார். "விளையாட்டுக்குச் சொன்னேன்க்கா, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். நல்ல மனிதர்தான், என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரவில் துணைக்கு இருந்தவர். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் எனக்கு இன்னும் சரியாகவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அடுத்த மாதத் திரையிடலுக்கு வருவீர்களா என்று குழுவில் கேட்டிருக்கிறார்கள். அவன் வருகிறேன் என்றால் வருவேன்.