இலவசம் என்பதால் யாரும் ஒதுக்கவில்லை
மலேசியாவில் இலவச அரசாங்கப் பாலர் பள்ளிகளுக்கு மக்களிடம் ஆதரவு இல்லை, பணம் கட்டினால்தான் தரம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள் என ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் வந்து கேட்டுப் பார்க்கட்டும். என் மகளும் மருமகனும் அங்கே ஷிஃப்ட் வேலை. பேத்திக்கு அரசாங்கப் பாலர் வகுப்பில் இடமும் கிடைத்தது. ஆனால் மதியத்தோடு வகுப்பு முடிந்துவிடும். அதன்பிறகு சீருடையும் தண்ணீர் போத்தலுமாக நிற்கிற பிள்ளையை யாரிடம் விடுவது? எனக்கோ முழங்கால் வலி, நான்கு மாடி ஏறி இறங்க முடியாது. வேறு வழியில்லாமல் மாலை வரை பார்த்துக்கொள்ளும் தனியார் நிலையத்துக்கு மாதாமாதம் பணத்தைக் கொட்டினார்கள். இதையா தர மோகம் என்கிறீர்கள்? தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்பு கிடைப்பதே குதிரைக் கொம்பு. ஒரு வகுப்புக்கு 25 பிள்ளைகள்தான். அரசாங்கத்தின் சமூக மேம்பாட்டுத் துறையான கெமாஸ் நடத்தும் பாலர் வகுப்புகளும் தேசிய ஒற்றுமைத் துறையின் வகுப்புகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. பிள்ளை தமிழில் தொடங்க வேண்டும் என்பவர்களுக்கு அவை கைகொடுக்காது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், “அடுத்தவர் பிள்ளைக்கு என் வரிப்பணமா?” என்று கொதித்திருக்கிறார். தொடக்கப்பள்ளி முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அதே வரிப்பணம் போகிறதே, அப்போது வராத கோபம் ஆறு வயதுப் பிள்ளையிடம் மட்டும் ஏன்? 1996 கல்விச் சட்டமே பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்துவிட்டது. மாலை வரை நடத்தினால் அனுப்புவீர்களா என்று பெற்றோரிடம் முதலில் கேளுங்கள். ஆதரவு இருக்கிறதா இல்லையா என்பதை அப்புறம் எழுதலாம்.