மாத்திரையோடு ஊசியையும் பறித்தால் யாருக்கு லாபம்?

சென்னையில் போதைக்காக விற்கப்படும் வலி நிவாரண மாத்திரைகள் பிடிபட்ட செய்தி இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறது. டேபென்டடால் மாத்திரை அட்டைகளை மேசைமேல் அடுக்கி, பக்கத்தில் சிரிஞ்சுகளையும் வைத்து, பின்னால் இருபது வயதுகூட நிரம்பாத பையன்களை நிறுத்தி எடுத்த படமும் உடன் வருகிறது. மாத்திரையைப் பிடித்ததில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. மருந்துச் சீட்டு இல்லாமல் அதைக் கட்டுக்கட்டாக விற்பவர்கள் தண்டிக்கப்படத்தான் வேண்டும். ஆனால் அந்த மேசையில் இருக்கும் சிரிஞ்சுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக வேலை பார்ப்பவள் நான்; ஒரு பகுதியில் ஊசி கிடைப்பது அரிதாகும்போது அங்கே அடுத்து என்ன பரவும் என்பது இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

டேபென்டடால் வாய்வழியாக விழுங்குவதற்காகத் தயாரிக்கப்பட்ட வலி மருந்து. அதைக் கரைத்து ரத்தக்குழாயில் ஏற்றினால், மாத்திரையைக் கெட்டிப்படுத்தச் சேர்த்த மாவும் பிற பொருள்களும் ரத்தத்தோடு கலந்து ரத்தக்குழாயை அடைக்கின்றன. கை வீங்கிச் சீழ் பிடிக்கிறது. சிலருக்கு நுரையீரலும் இதய வால்வும் பாதிக்கப்படுகின்றன. இவை ஒருவரின் உடலோடு நிற்கிற கேடுகள். அதே ஊசி இரண்டாமவரின் கைக்குப் போகும்போதுதான் எச்.ஐ.வி.யும், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களும் அதில் ஏறிக்கொள்கின்றன. இவற்றில் ஹெபடைடிஸ் சி மிகவும் பொல்லாதது. சிரிஞ்சுக்குள் தங்கிய சொட்டு ரத்தத்தில் அது 63 நாள் வரை உயிரோடு இருக்கக்கூடும் என்று ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்துள்ளது. ஊசியைத் தண்ணீரில் அலசிவிட்டுப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு அந்த அலசலால் பெரிய பாதுகாப்பு எதுவும் கிடைப்பதில்லை.

என்னிடம் வந்த ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுவரை பொத்தானிட்டிருந்தார். நண்பர்கள் நான்கு பேரும் ஆளுக்கொரு ஊசி வைத்திருப்பதாகவும், மாறிவிடக் கூடாது என்று அவரவர் சிரிஞ்சில் வேறு வேறு நிறத்தில் நெயில் பாலிஷ் தடவியிருப்பதாகவும் சொன்னார். தங்களுக்குத் தெரிந்தவரை கவனமாக இருந்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் கரைத்த மருந்தை நான்கு பேரும் ஒரே பாட்டில் மூடியிலிருந்துதான் உறிஞ்சியிருக்கிறார்கள். வடிகட்ட வைத்த பஞ்சும் ஒன்றுதான். அவருக்கு எச்.ஐ.வி. இல்லை, ஹெபடைடிஸ் சி இருந்தது. "அக்கா, நான் யார் ஊசியையும் தொடவே இல்லையே" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டதற்கு, அந்த மூடியைப் பற்றியும் பஞ்சைப் பற்றியும் நான் சொல்லித்தான் அவருக்கு முதன்முதலாகத் தெரிந்தது. பள்ளியிலும் கல்லூரியிலும் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுத்தவர்தான் அவர். ரத்தத்தின் வழியாக நோய் எப்படிப் பரவுகிறது என்பதை மட்டும் அங்கே யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

ஊசி ஏன் பகிரப்படுகிறது என்று கேட்டால் "போதையில் புத்தி எங்கே இருக்கும்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். என்னிடம் பேசுகிறவர்கள் சொல்லும் காரணங்கள் வேறு. இளைஞர்கள் போய் நின்றால் மருந்துக்கடையில் சிரிஞ்சு தர மறுக்கிறார்கள். "அம்மாவுக்கு சுகர், இன்சுலின் போடணும்" என்று பொய் சொல்லித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் முறை அந்தப் பொய்யும் எடுபடாது. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்தால் வழியில் சோதனை போடும் காவலருக்கு அதுவே சாட்சியமாகிவிடும் என்ற பயம். ஆகவே ஒரே ஊசியை எங்காவது சுவர் இடுக்கில் ஒளித்துவைத்து, வருகிறவர்கள் எல்லோரும் அதையே எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். கடைக்காரருக்கும் காவலருக்கும் கெட்ட எண்ணம் இருப்பதாக நான் சொல்லவில்லை. பழக்கத்தைத் தடுப்பதாகவே இருவரும் நம்புகிறார்கள். ஆனால் ஊசி கிடைக்காததால் அன்றைக்கு மருந்து போடாமல் திரும்பிப் போனவர் என்று ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை.

மாத்திரையைக் கரைத்து ஏற்றும் பழக்கம் ஓர் ஊரை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள ஆஸ்டின் என்ற சிற்றூர் சாட்சி. ஸ்காட் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர் அது. அங்கேயும் பழக்கத்தில் இருந்தது ஹெராயின் அல்ல, ஓபானா என்ற பெயரில் விற்கப்பட்ட ஆக்ஸிமார்ஃபோன் என்ற வலி மாத்திரைதான். 2014க்கு முந்தைய பத்தாண்டுகளில் அந்தக் கவுண்டி முழுவதிலும் ஆண்டுக்கு ஐந்து பேருக்குக்கூட எச்.ஐ.வி. கண்டறியப்பட்டதில்லை. 2014 இறுதியில் தெரியத் தொடங்கிய தொற்று ஓராண்டுக்குள் 180 பேரைத் தாண்டியது; பின்னர் 200ஐயும் கடந்தது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஹெபடைடிஸ் சி ஏற்கெனவே இருந்தது. அந்த ஹெபடைடிஸ் சி ஓர் எச்சரிக்கை மணி. இந்த ஊரில் ஊசி கைமாறுகிறது, எச்.ஐ.வி. ஒரே ஒருவர் வழியாக நுழைந்தாலும் காட்டுத்தீயாகப் பரவும் என்று அது முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. கவுண்டியில் இலவசமாக எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவந்த ஒரே மையமும் 2013இல் மூடப்பட்டிருந்தது.

சுத்தமான ஊசி வழங்குவது அன்று இண்டியானாவில் சட்டவிரோதம். அதைக் கொள்கையளவில் எதிர்த்துவந்த ஆளுநர் மைக் பென்ஸ், 2015 மார்ச் 26 அன்று பொதுச் சுகாதார நெருக்கடிநிலையை அறிவித்து, ஸ்காட் கவுண்டிக்கு மட்டும் தற்காலிக அனுமதி தந்தார். ஊசியோடு பரிசோதனையும் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சையும் சேர்ந்து வந்த பிறகு புதிய தொற்றுகள் சரிந்தன. அந்த நடவடிக்கைகள் முன்கூட்டியே தொடங்கியிருந்தால் பெரும்பாலான தொற்றுகளைத் தவிர்த்திருக்கலாம் என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டுக் காட்டினார்கள். இவ்வளவையும் கண்ணால் கண்ட அதே கவுண்டியின் நிர்வாகக் குழு 2021இல் அந்த ஊசித் திட்டத்தை மூடுவதற்கு வாக்களித்தது. நோய் குறைந்ததற்குக் காரணமான திட்டத்தை, நோய்தான் குறைந்துவிட்டதே என்று நிறுத்துகிற மனநிலை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று.

நம் நாட்டுக்கு இந்தப் பாடம் ஆஸ்டினுக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே மணிப்பூரில் கிடைத்துவிட்டது. பர்மா எல்லை வழியாக ஹெராயின் மலிவாக வந்து இறங்கிய காலம் அது. பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழர்கள் குடியேறி, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் எழுப்பி வாழ்ந்த மோரே நகரமும் அந்த வழியில்தான் இருக்கிறது. 1989இல் பரிசோதித்தபோது ஊசி வழியாகப் போதை மருந்து ஏற்றுபவர்களிடம் தொற்றே தென்படவில்லை. ஓராண்டுக்குள் பரிசோதிக்கப்பட்டவர்களில் பாதிப்பேருக்கு எச்.ஐ.வி. வந்துவிட்டது. பிறகு அது ஊசியையே தொட்டிராத பெண்களிடம் போனது. தொற்றுள்ளவர்களின் மனைவியரிடம் 1990களில் நடந்த ஓர் ஆய்வில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தொற்று இருந்தது. 'போதைக்காரர்களின் நோய்' என்று ஒதுக்கிவைத்தவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? சுத்தமான ஊசியும், போதை ஊசிக்குப் பதிலாகத் தரும் மாற்று மருந்தும் தேவை என்பதை ஏற்று, இந்திய மாநிலங்களில் முதலாவதாக ஓர் எய்ட்ஸ் கொள்கையை 1996இல் வகுத்தது அந்தச் சின்ன மாநிலந்தான்.

சென்னைக்கும் இது புதிய கதை அல்ல. 2005-06 காலத்தில் இந்த நகரத்தில் ஊசி வழியாகப் போதை மருந்து எடுத்துக்கொண்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், நால்வரில் ஒருவருக்கு எச்.ஐ.வி.யும், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஹெபடைடிஸ் சி தொற்றின் அடையாளமும் இருந்தன. அந்தத் தலைமுறைக்காகத்தான் களப்பணியாளர்கள் சந்து சந்தாகப் போய் ஊசி கொடுத்தார்கள், பழைய ஊசியைத் திரும்ப வாங்கினார்கள். இன்றைக்கு மாத்திரையைக் கரைத்து ஏற்றும் பையன்கள் அப்போது பிறந்திருக்கவேகூட மாட்டார்கள். தங்களை அவர்கள் போதை ஊசிக்காரர்களாகவே எண்ணுவதில்லை. "இது மாத்திரைதானே" என்கிறார்கள். பழைய திட்டங்களின் கண்ணில் படாமல் இவர்கள் நழுவிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. தேசிய அளவில் 2021ஆம் ஆண்டுக் கண்காணிப்பின்படி, ஊசி வழியாகப் போதை மருந்து எடுப்பவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, பொதுமக்களில் அது ஆயிரத்துக்கு இரண்டு பேர் என்ற அளவில்தான் இருக்கிறது.

ஊசி கொடுப்பது போதையை ஊக்குவிப்பதாகாதா என்று என் உறவினர்களே கேட்கிறார்கள். நியாயமான கவலை, அதைக் கேட்பவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஊசி வாங்க வருகிறவரிடம்தான் களப்பணியாளர் பேச முடிகிறது. புண்ணுக்குக் கட்டுப் போட முடிகிறது. காசநோய்க்குச் சளிப் பரிசோதனை எடுக்க முடிகிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட முடிகிறது. பலநாள் பழக்கத்துக்குப் பிறகு "விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன் அண்ணே" என்று அவர் சொல்லும்போது கைபிடித்து அழைத்துப் போக முடிகிறது. உலகின் பல நாடுகளில் பல ஆண்டுகளாக இத்தகைய திட்டங்கள் நடந்துவந்தும், அவற்றால் போதைப் பழக்கம் பெருகியதற்குச் சான்று கிடைக்கவில்லை.

சட்டமும் தடையாக இல்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, தொற்று அபாயத்தைக் குறைப்பதற்காகச் சுத்தமான ஊசி வழங்குவதையும் அதைப் பெறுவதையும் குற்றமாகக் கருதக் கூடாது என்று தெளிவாகவே பாதுகாப்புத் தருகிறது. போதைப் பொருள் தடுப்புச் சட்டத்திலேயே, தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமையானவர்களுக்கு வழக்கிலிருந்து விலக்குத் தரும் 64ஏ பிரிவு இருக்கிறது. காவல் நிலையங்களில் இந்த இரண்டு பிரிவுகளையும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கிச் சொன்னால், ஊசியைப் பறிக்கும் எத்தனையோ கைகள் தயங்கும் என்று நம்புகிறேன்.

சிகிச்சை இல்லையா என்றால், இருக்கிறது. ஹெபடைடிஸ் சி இன்று மாத்திரையாலேயே குணமாகிற நோய். பெரும்பாலானோருக்குப் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால் போதும். நூறில் தொண்ணூற்றைந்து பேர் முழுமையாகக் குணமடைகிறார்கள். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அந்த மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் ஈரலைத் தின்னும் நோய் இது என்பதால், கண் மஞ்சளான பிறகு கீழாநெல்லியைத் தேடிப் போகிறவர்களே அதிகம். அப்போது ஈரல் சுருங்கியிருக்கும்.

பழக்கத்திலிருந்து வெளியே வர விரும்புகிறவர்களுக்கு நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் புப்ரெனார்ஃபின் மருந்தை அரசு மையங்கள் தருகின்றன. அது ஊசியின் தேவையையே குறைக்கிறது, ஆகவே நோயையும் தடுக்கிறது. பெரும்பாலும் தினமும் நேரில் போய்ப் பணியாளர் முன்னிலையில்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பலர் மீன் இறக்கவும், பெயிண்ட் அடிக்கவும், மூட்டை தூக்கவும் விடியற்காலையிலேயே போய்விடுகிறவர்கள். அவர்களுக்கு வாய்த்த மையம் ஒன்பது மணிக்குத் திறக்கிறது. அன்றைய கூலியா, மருந்தா என்று தினமும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஒரு வாரத்தில் மருந்து நின்றுவிடும். கூலிவேலைக்காரர்கள் நிறைந்த பகுதிகளிலாவது இந்த மையங்களைக் காலை ஆறு மணிக்குத் திறக்க வேண்டும். பெண்களுக்குத் தனி நேரமும் பெண் பணியாளரும் வேண்டும். இந்தப் பழக்கத்தில் பெண்களும் இருக்கிறார்கள் என்பதை எந்த மேசைப் படமும் காட்டுவதில்லை. அதுவரை, என் பதிவைப் படிக்கும் மருந்துக்கடை நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: மாத்திரையைச் சீட்டில்லாமல் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள், ஊசி கேட்டு வருகிறவரிடம் காரணம் கேட்காமல் ஊசியைக் கொடுத்துவிடுங்கள்.